சேவைத் தொடக்க முறைமை (யுனிக்ஸ்)

யுனிக்ஸிலும் லினக்ஸ், ஃபிரீபிஎஸ்டி, மாக் ஓஎஸ் முதலிய யுனிக்ஸ் வழி இயங்குதளங்களிலும், கணினி இயக்கப்பட்டதும் தேவையான சேவைகளை உரிய வரிசையில் தொடங்கி, அவை ஓடும்போது கண்காணித்து, கணினி நிறுத்தப்படும்போது ஒழுங்காக மூடும் மென்பொருள் தொகுதி சேவைத் தொடக்க முறைமை எனப்படும். இதன் மையத்தில் இருப்பது இனிட் என்னும் நிரல் ஆகும். இங்கு சேவை என்பது பயனர் எவரும் நேரடியாக இயக்காமல் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலைக் குறிக்கும். வலை வழங்கி, தரவுத்தளம், அஞ்சல் வழங்கி, அச்சு வரிசையை மேலாளும் நிரல் ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள். யுனிக்ஸ் மரபில் இத்தகைய நிரலை டீமன் என்பர்.

சில நிரல்களை ஒன்றன்பின் ஒன்றாக இயக்குவது எளிய வேலை போலத் தோன்றும். ஆனால் இம்முறைமையை வடிவமைப்போர் இரு கேள்விகளுக்கு விடை காண வேண்டியுள்ளது. தொடங்கப்பட்ட சேவை பயன்பாட்டுக்குத் தயாராகிவிட்டது என்பதை எப்படி அறிவது? தயாரான சேவை இன்னும் உயிருடன் உள்ளது என்பதை யார் அறிவது? 1970களிலிருந்து இன்றுவரை வந்துள்ள பல்வேறு முறைமைகள் பெரும்பாலும் இவ்விரு கேள்விகளுக்குத் தரும் விடைகளிலேயே ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுகின்றன.

முதல் செயல்முறை

கணினி இயங்கத் தொடங்கியதும் கெர்னல் எனப்படும் கருனி நினைவகத்தில் ஏற்றப்படுகிறது. கருனி வன்பொருள்களைத் தயார்படுத்திய பின், பயனர் நிரல்களுள் ஒன்றை மட்டும் தானே தொடங்குகிறது. அதன் செயல்முறை எண் 1 ஆகும். லினக்ஸ் கருனி, வேறு கட்டளை தரப்படாவிட்டால், எஸ்பின், ஈடிசி, பின் ஆகிய அடைவுகளில் இதே வரிசையில் இனிட் என்ற பெயருள்ள நிரலைத் தேடும். எங்கும் கிடைக்கவில்லை எனில் ஷெல்லை இயக்க முயலும். அதுவும் இயலாதபோது கெர்னல் பேனிக் எனப்படும் நிலையை அடைந்து நின்றுவிடும்.

பயனர் நிரல்கள் அனைத்தும் இந்த முதல் செயல்முறையின் வழித்தோன்றல்களே. அதனால் இதற்குப் பிற செயல்முறைகளுக்கு இல்லாத சில கடமைகளும் சலுகைகளும் உண்டு. யுனிக்ஸில் ஒரு சேய்ச் செயல்முறை முடிந்த பின்னரும், அதன் முடிவுக் குறியீட்டைத் தாய்ச் செயல்முறை கேட்டுப் பெறும் வரை, கருனியின் அட்டவணையில் அதன் பதிவு நீங்குவதில்லை. இவ்வாறு முடிந்தும் நீங்காமல் நிற்கும் பதிவை ஸோம்பி என்பர். தாய் முன்னதாகவே முடிந்துவிட்டால் சேய் அநாதையாகிறது. அநாதைகளைத் தத்தெடுத்து, அவை முடியும்போது பதிவைத் துடைப்பது பொதுவாக முதல் செயல்முறையின் கடமை.

சலுகை என்னவெனில், முதல் செயல்முறை தானே கையாள ஏற்பாடு செய்துகொள்ளாத சைகைகளைக் கருனி அதனிடம் கொண்டு சேர்ப்பதில்லை. பிற நிரல்களை நிபந்தனையின்றிக் கொல்லும் கில் சைகைகூட, அதே கணினிக்குள்ளிருந்து அனுப்பப்பட்டால், இதனைத் தொடுவதில்லை. மறுபுறம், இந்நிரல் தன் வழுவால் முடிந்துபோனால் லினக்ஸ் கருனி பேனிக் நிலையை அடையும். கணினி முழுவதும் நின்றுவிடும். முதல் செயல்முறைக்குள் எவ்வளவு வேலையைச் சேர்க்கலாம் என்பது இன்றும் விவாதிக்கப்படுவதற்கு இதுவே காரணம்.

தொடக்கக்கால வடிவங்கள்

பெல் ஆய்வகத்தில் உருவாகி 1979-இல் வெளியான யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இனிட் மிகச் சிறிய நிரலாக இருந்தது. அது ஆர்சி என்ற ஷெல் ஸ்கிரிப்டை ஒருமுறை இயக்கும். பின்னர் ஒரு கோப்பில் பட்டியலிடப்பட்டுள்ள ஒவ்வொரு முனையத்திற்கும் புகுபதிகை கேட்கும் நிரலைத் தொடங்கும். பயனர் வெளியேறியதும் அம்முனையத்திற்கு மீண்டும் அதனைத் தொடங்கும். அதாவது, முனையங்களை இனிட் இடைவிடாமல் கண்காணித்தது. ஆர்சி ஸ்கிரிப்ட் தொடங்கிய சேவைகளையோ தொடங்கியதோடு மறந்துவிட்டது. மனிதர்கள் முனையத்தின் முன் அமர்ந்து பயன்படுத்திய கணினிக்கு இது பொருத்தமே. ஆனால் இந்த ஏற்றத்தாழ்வு, கணினிகள் வலையமைப்பு வழங்கிகளாக மாறிய பின்னரும் நெடுங்காலம் நீடித்தது.

ஏடி அண்டு டி நிறுவனம் 1983-இல் வெளியிட்ட சிஸ்டம் ஃபைவ் வழியாகப் பரவிய முறையில் ஓடுநிலைகள் இருந்தன. ஒவ்வோர் ஓடுநிலைக்கும் ஓர் அடைவு உண்டு. அதில் ஸ்கிரிப்டுகளைச் சுட்டும் இணைப்புகள் இருக்கும். எஸ் என்ற எழுத்தில் தொடங்குபவை சேவையைத் தொடங்கவும், கே என்ற எழுத்தில் தொடங்குபவை நிறுத்தவும் பயன்படும். அடுத்து வரும் ஈரிலக்க எண் வரிசையைக் குறிக்கும். எண் 20 உடைய சேவை, எண் 30 உடையதற்கு முன் தொடங்கும். இம்முறையை லினக்ஸுக்கு மைக்கேல் வான் ஸ்மூரன்பர்க் எழுதித் தந்தார். 1990களிலும் 2000களிலும் பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்கள் இதனையே பயன்படுத்தின. ஸ்லாக்வேர் பிஎஸ்டி முறையை ஒட்டிய எளிய ஆர்சி ஸ்கிரிப்டுகளைக் கைக்கொண்டது.

இம்முறையின் சிறப்பு, எவரும் ஒரு ஸ்கிரிப்டைத் திறந்து படித்து நடப்பதைப் புரிந்துகொள்ளலாம் என்பது. குறைகளும் பல. எண் 20-க்கு ஏன் 30 காத்திருக்கிறது என்ற காரணம் எங்கும் எழுதப்படவில்லை. ஆகவே ஒன்றுக்கொன்று தொடர்பற்ற சேவைகளும் வரிசையில் நின்றன. தொடங்கு, நிறுத்து, மறுதொடக்கு என்ற ஒரே வேலைக்கான நிரல்வரிகள் நூற்றுக்கணக்கான ஸ்கிரிப்டுகளில் சிறுசிறு வேறுபாடுகளுடன் நகலெடுக்கப்பட்டன.

இரட்டை ஃபோர்க்கும் எண் கோப்பும்

மரபான டீமன் ஒன்று தொடங்கும்போது ஃபோர்க் என்ற கணினி அழைப்பின் மூலம் தன்னை இருமுறை பிரதி எடுத்துக்கொள்ளும். மூலச் செயல்முறையும் முதல் பிரதியும் முடிந்துவிடும். இரண்டாம் பிரதி அநாதையாகி இனிட்டின் சேயாக மாறும். முனையத்துடனான தொடர்பை முற்றிலும் அறுத்துக்கொள்ள இவ்வுத்தி உதவியது. ஆனால் இதன் விளைவாக, சேவையைத் தொடங்கிய ஸ்கிரிப்டுக்கும் சேவைக்கும் இடையே எந்த உறவும் எஞ்சுவதில்லை. இனிட்டின் சேயாக அது மாறினாலும், அது எந்தச் சேவை என்பது இனிட்டுக்குத் தெரியாது.

இதை ஈடுகட்ட, டீமன் தன் செயல்முறை எண்ணை ஒரு கோப்பில் எழுதி வைக்கும் வழக்கம் உருவானது. நிறுத்தும் கட்டளை அக்கோப்பைப் படித்து அவ்வெண்ணுக்குச் சைகை அனுப்பும். இதில் ஒரு பொறி உள்ளது. கருனி செயல்முறை எண்களை மீண்டும் மீண்டும் பயன்படுத்துகிறது. லினக்ஸில் இவ்வெண்ணின் இயல்பான உச்சவரம்பு நெடுங்காலம் 32,768 ஆகவே இருந்தது. சேவை வழுவால் முடிந்துபோய், அதே எண் வேறொரு நிரலுக்கு வழங்கப்பட்டிருந்தால், நிறுத்தும் கட்டளை தொடர்பில்லாத அந்நிரலைக் கொன்றுவிடும். மின்தடைக்குப் பின் பழைய எண் கோப்பு எஞ்சியிருந்தால், சேவை "ஏற்கனவே ஓடுகிறது" என்று கூறித் தொடங்க மறுப்பதும் உண்டு. கவனமாக எழுதப்பட்ட ஸ்கிரிப்டுகள் இவற்றைச் சரிபார்த்தன. ஆயினும் சரிபார்ப்பதற்கும் சைகை அனுப்புவதற்கும் இடைப்பட்ட நொடிப்பொழுதில் நிலைமை மாறலாம் என்பதால் இதற்கு ஸ்கிரிப்ட் அளவில் முழுத் தீர்வு கிடையாது.

மேற்பார்வை முறை

கணிதவியலாளரும் கியூமெயில் அஞ்சல் வழங்கியின் ஆசிரியருமான டேனியல் ஜே. பெர்ன்ஸ்டைன் 1990களின் பிற்பகுதியில் உருவாக்கிய டீமன்டூல்ஸ், இச்சிக்கலை நேர்மாறாக அணுகியது. சேவை தன்னைப் பிரதி எடுத்துக்கொண்டு ஓடிப்போகக் கூடாது. முன்னணியிலேயே ஓட வேண்டும். ஒவ்வொரு சேவைக்கும் ஒரு சிறு மேற்பார்வை நிரல் தாயாக இருக்கும். சேய் முடிந்தால் தாய்க்குக் கருனியே அறிவித்துவிடும் என்பதால் எண் கோப்பு தேவையில்லை. தாய் முடிவுக் குறியீட்டைப் பெறும் வரை அவ்வெண் வேறெவருக்கும் வழங்கப்படுவதில்லை. ஆகவே தவறான நிரலைக் கொல்லும் வாய்ப்பும் இல்லை. யுனிக்ஸ் தொடக்கத்திலிருந்தே அளித்துவந்த தாய்–சேய் உறவைப் பயன்படுத்தியது மட்டுமே இங்குள்ள புதுமை. ஏழாம் பதிப்பின் இனிட் முனையங்களுக்குச் செய்ததை இது சேவைகளுக்கும் செய்தது எனலாம்.

டீமன்டூல்ஸின் மற்றொரு நுட்பம் பதிவுகளைப் பற்றியது. சேவையின் வெளியீட்டைப் பதிவு நிரலுக்குக் கொண்டுசெல்லும் குழாயை மேல்நிலை நிரல் திறந்தே வைத்திருக்கும். எனவே சேவையோ பதிவு நிரலோ மறுதொடக்கம் செய்யப்பட்டாலும் குழாயில் உள்ள வரிகள் இழக்கப்படுவதில்லை. கெரிட் பேப் எழுதிய ரன்இட், லாரன்ட் பெர்கோ எழுதிய எஸ்6 ஆகியவை இவ்வழியில் வந்தவை. வாய்டு லினக்ஸ் ரன்இட்டை இயல்பு இனிட்டாகப் பயன்படுத்துகிறது.

தானியங்கி மறுதொடக்கத்துக்கும் ஒரு வரம்பு வேண்டும். அமைப்புக் கோப்பில் பிழை உள்ள சேவை தொடங்கியதும் முடியும், மீண்டும் தொடங்கப்படும், மீண்டும் முடியும். சிஸ்டம் ஃபைவ் வழி வந்த லினக்ஸ் இனிட், 2 நிமிடத்தில் 10 தடவைக்கு மேல் இவ்வாறு நடந்தால் அந்நிரலை 5 நிமிடம் முடக்கி வைக்கும். சிஸ்டம்டியில் இயல்பு வரம்பு 10 நொடிக்கு 5 தொடக்கங்கள்.

பிறரது நிரல்களை மாற்ற முடியாத நிலையில், இரட்டை ஃபோர்க் செய்யும் டீமன்களையும் பின்தொடர வேண்டியுள்ளது. உபுண்டு 6.10 பதிப்பில் 2006-இல் அறிமுகமான அப்ஸ்டார்ட், பிழைதிருத்திகள் பயன்படுத்தும் பிடிரேஸ் வசதியால் ஃபோர்க்குகளை எண்ணியது. சேவை எத்தனை முறை ஃபோர்க் செய்யும் என்பதை அமைப்பாளர் முன்கூட்டியே கூற வேண்டும். எண்ணிக்கை தவறினால் அப்ஸ்டார்ட் இல்லாத ஒரு செயல்முறையை நினைத்துக்கொண்டு முடிவின்றிக் காத்திருக்கும். சோலாரிஸ் 10 (2005) இதற்குக் கருனியிலேயே ஒப்பந்தம் என்னும் வசதியை ஏற்படுத்தியது. லினக்ஸில் 2008 சனவரியில் வெளியான 2.6.24 கருனி முதல் சிகுரூப் எனப்படும் கட்டுப்பாட்டுக் குழுக்கள் உள்ளன. குழுவில் உள்ள செயல்முறையின் சேய்கள் அதே குழுவில்தான் பிறக்கும். உரிய அனுமதியின்றி வெளியேற இயலாது. எத்தனை முறை ஃபோர்க் செய்தாலும் சேவையின் எல்லாச் செயல்முறைகளையும் இதனால் அடையாளம் காணலாம்.

வரிசையும் சார்பும்

எண்களுக்குப் பதிலாகக் காரணங்களை எழுதும் முறை நெட்பிஎஸ்டி 1.5 பதிப்பில் 2000 திசம்பரில் வந்தது. ஒவ்வொரு ஸ்கிரிப்டின் தலைப்பகுதியிலும் அது எதை வழங்குகிறது, எதனை வேண்டுகிறது என்று குறிக்கப்படும். ஆர்சிஆர்டர் என்ற நிரல் இவற்றைக் கொண்டு வரிசையைக் கணக்கிடும். ஃபிரீபிஎஸ்டி 5.0 (2003) இதனை ஏற்றுக்கொண்டது, இன்றும் பயன்படுத்துகிறது. டெபியன் 6.0 (2011) சார்பு அடிப்படையிலான தொடக்கத்தை இயல்பாக்கியது.

மாணவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் ஒன்று, வரிசையும் தேவையும் வேறுவேறு என்பது. "தரவுத்தளம் இல்லாமல் வலைச்செயலி இயங்காது" என்பது தேவை. "தரவுத்தளத்திற்குப் பின்னரே வலைச்செயலி தொடங்க வேண்டும்" என்பது வரிசை. சிஸ்டம்டியில் தேவையை மட்டும் குறிப்பிட்டு வரிசையைக் குறிப்பிடாவிட்டால், இரண்டும் ஒரே நேரத்தில் தொடங்கப்படும். வேகமான கணினியில் இப்பிழை சில நாட்கள் தலைகாட்டும், சில நாட்கள் காட்டாது.

தயார்நிலை

வரிசை சரியாக இருந்தாலும் முதற்கேள்வி எஞ்சி நிற்கிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்வோம். மின்தடையால் திடீரென நின்ற கணினி மீண்டும் இயங்கும்போது, அது முதலில் தன் மாற்றப் பதிவேட்டைப் படித்து விடுபட்ட மாற்றங்களைச் செய்து முடிக்க வேண்டும். செயல்முறை ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் வினவல்களை ஏற்காது. இக்கால அளவு சில நொடிகளாகவோ பல நிமிடங்களாகவோ இருக்கலாம். "தொடங்கியது" என்பதை மட்டும் அறிந்த முறைமை உடனே வலைச்செயலியைத் தொடங்கிவிடும்; அது இணைப்புக் கிடைக்காமல் முடிந்துபோகும். பழைய ஸ்கிரிப்டுகளில் ஆங்காங்கே காணப்படும் "5 நொடி உறங்கு" போன்ற வரிகள் இதற்கான கைவைத்தியமே. அவை சாதாரண நாளில் 5 நொடியை வீணாக்கும். உண்மையில் தேவைப்படும் நாளில் போதாமல் போகும்.

இரட்டை ஃபோர்க் முறைக்கு இங்கு ஒரு நியாயம் உண்டு. ஒழுங்காக எழுதப்பட்ட டீமன், தயாரான பின்னரே தன் மூலச் செயல்முறையை முடிக்கும். அதாவது, மூலம் முடிவதே தயார் என்பதற்கான அறிவிப்பு. ஆனால் பல டீமன்கள் இதைக் கடைப்பிடிக்கவில்லை. தெளிவான வழி, தயாரானதைச் சேவையே வாய்விட்டுச் சொல்வது. எஸ்6 முறைமையில் சேவை குறிப்பிட்ட ஒரு கோப்பு விவரிப்பானில் ஒரு புதுவரிக் குறியை எழுதினால் போதும். சிஸ்டம்டியில், சூழல் மாறியொன்றில் தரப்படும் சாக்கெட் முகவரிக்கு "தயார்" எனப் பொருள்படும் ஒரு குறுஞ்செய்தியை அனுப்ப வேண்டும்.

சாக்கெட் வழித் தொடக்கம்

காத்திருப்பதையே தவிர்க்கும் உத்தியும் உண்டு. 4.3பிஎஸ்டியில் (1986) இடம்பெற்ற ஐநெட்டி, பல போர்ட்டுகளில் தானே காத்திருந்து, இணைப்பு வந்தபின் உரிய சேவையைத் தொடங்கியது. மாக் ஓஎஸ் எக்ஸ் 10.4 பதிப்பில் 2005 ஏப்ரலில் வந்த லாஞ்ச்டி இதை முழு முறைமைக்கும் விரித்தது. எல்லாச் சாக்கெட்டுகளையும் முதலிலேயே திறந்துவிட்டால், சேவைகளை ஒரே நேரத்தில் தொடங்கலாம். ஒரு சேவை மற்றதற்குச் செய்தி அனுப்பும்போது, பெறுவது இன்னும் தயாராகவில்லை எனில் செய்தியைக் கருனி இடையகத்தில் வைத்திருக்கும். அனுப்புவது சற்றுக் காத்திருக்கும். வரிசையை மனிதர் எழுத வேண்டிய தேவையே பல இடங்களில் இல்லாமற்போகிறது. இவ்வுத்தி உண்மைச் சிக்கலை மறைக்கவும் கூடும். பெறும் சேவை தொடங்கவே இயலாத நிலையில் இருந்தால், திறந்திருக்கும் சாக்கெட்டைக் கண்டு பிறர் வீணே காத்திருப்பர்.

சிஸ்டம்டியும் டெபியன் முடிவும்

லெனார்ட் பொட்டரிங், கே சீவர்ஸ் ஆகியோர் தொடங்கிய சிஸ்டம்டி 2010 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. லாஞ்ச்டியின் சாக்கெட் உத்தி, சிகுரூப் வழிக் கண்காணிப்பு, வெளிப்படையான சார்புகள், தயார்நிலை அறிவிப்பு ஆகியவற்றை அது ஒன்றிணைத்தது. நீண்ட ஸ்கிரிப்டுகளுக்குப் பதிலாகப் பத்துப் பன்னிரண்டு வரிகளில் சேவையை விவரிக்க முடிந்தது. ஃபெடோரா 15 (2011) இதனை இயல்பாக்கியது.

எதிர்ப்பும் வலுவாக இருந்தது. முதல் செயல்முறை பெரிதாகிறது என்பதும், பதிவுகள் வெற்று உரையாக அன்றி இரும வடிவில் சேமிக்கப்படுகின்றன என்பதும், சிகுரூப் போன்ற லினக்ஸ் வசதிகளைச் சார்ந்திருப்பதால் பிற கருனிகளில் இயங்காது என்பதும் முக்கியக் குறைகளாகக் கூறப்பட்டன. பயனர் அமர்வுகள், சாதன மேலாண்மை எனத் திட்டம் விரிந்துகொண்டே சென்றதும், க்னோம் மேசைச்சூழலின் சில பகுதிகள் அதனைச் சார்ந்ததும், தேர்வுரிமை பறிபோகிறது என்ற அச்சத்தை வளர்த்தன. பதிவு, அமர்வு முதலியவை தனித்தனி நிரல்களாகவே ஓடுகின்றன, அனைத்தும் முதல் செயல்முறைக்குள் இல்லை என்று ஆதரவாளர் பதிலளித்தனர். இப்பதில் சரியே, ஆனால் அவை ஒன்றையொன்று சார்ந்தே வளர்ந்தன என்பதும் சரியே.

டெபியன் திட்டத்தின் எட்டு உறுப்பினர் கொண்ட தொழில்நுட்பக் குழுவில், சிஸ்டம்டிக்கும் அப்ஸ்டார்ட்டுக்கும் ஆதரவு சரிபாதியாகப் பிரிந்தது. தலைவர் பிடேல் கார்பீயின் முடிவுசெய் வாக்கால் 2014 பெப்ரவரி 11 அன்று சிஸ்டம்டி தேர்வானது. சில நாட்களில் உபுண்டுவும் தன் சொந்த அப்ஸ்டார்ட்டைக் கைவிட்டு டெபியனைப் பின்பற்றுவதாக அறிவித்தது. முடிவை ஏற்காதோர் அதே ஆண்டு நவம்பரில் தேவுவான் என்ற கிளை வழங்கலை அறிவித்தனர், அதன் 1.0 பதிப்பு 2017-இல் வெளிவந்தது. டெபியன் 2019 திசம்பரில் மீண்டும் வாக்கெடுத்து, சிஸ்டம்டியை மையமாகக் கொண்டே மாற்று முயற்சிகளுக்கு இடமளிப்பது எனத் தீர்மானித்தது. ஜென்டூ, ஆல்பைன் ஆகியவை ஓப்பன்ஆர்சியையும், குயிக்ஸ் ஸ்கீம் மொழியில் எழுதப்பட்ட ஷெப்பர்டையும் பயன்படுத்துகின்றன.

கொள்கலன்களில்

டாக்கர் போன்ற கொள்கலன்களுக்குள் முதலில் இயக்கப்படும் நிரல், அக்கொள்கலனுக்குள் எண் 1 பெறுகிறது. இனிட்டாக எழுதப்படாத சாதாரண வலைச்செயலி அப்பொறுப்பை ஏற்கும்போது, ஸோம்பிகள் துடைக்கப்படாமல் குவியலாம். முடிவுச் சைகையைக் கையாள அது ஏற்பாடு செய்திருக்காவிட்டால், நிறுத்தும் கட்டளை இயல்பாக 10 நொடி காத்திருந்து பின் வலிந்து கொல்லும். கொள்கலன் நிற்க எப்போதும் 10 நொடி எடுத்தால் இதுவே காரணமாக இருக்கக்கூடும். டாக்கர் 1.13 (2017) முதல் சிறிய இனிட் ஒன்றைச் சேர்த்து இயக்கும் விருப்பம் உள்ளது.

எக்ஸ்இசட் பின்கதவு

தயார்நிலை அறிவிப்பு என்னும் சிறு வசதி 2024-இல் எதிர்பாராத வகையில் கவனம் பெற்றது. தொலைநிலைப் புகுபதிகைக்கான ஓப்பன்எஸ்எஸ்எச் வழங்கியில் அப்போது இவ்வசதி இல்லை. ஆகவே டெபியன், ஃபெடோரா முதலிய வழங்கல்கள் அதனைத் தாமே சேர்த்தன. அதற்காக சிஸ்டம்டியின் நிரலகத்தை வழங்கியுடன் இணைத்தன. அந்நிரலகம், பதிவுகளைச் சுருக்கும் வேறொரு தேவைக்காக எக்ஸ்இசட் சுருக்க நிரலகத்தைச் சார்ந்திருந்தது. இவ்வாறு, ஒரு குறுஞ்செய்தியை அனுப்புவதற்காகச் சேர்த்த இணைப்பின் வழியே, தொடர்பில்லாத ஒரு நிரலகம் உலகின் மிக முக்கியமான பாதுகாப்பு வழங்கிகளுள் ஒன்றன் நினைவகத்திற்குள் ஏறியது.

எக்ஸ்இசட் திட்டத்தில் ஈராண்டுகளுக்கும் மேலாகப் பங்களித்து நம்பிக்கை பெற்றிருந்த ஒரு கணக்கு, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு ஒன்றை மறைத்து வைத்தது. போஸ்ட்கிரெஸ் உருவாக்குநர்களுள் ஒருவரான ஆந்த்ரெஸ் ஃபிராய்ண்ட், புகுபதிகை ஏறத்தாழ அரை நொடி தாமதமாவதைக் கவனித்து ஆராய்ந்து, 2024 மார்ச் 29 அன்று இதனை வெளிப்படுத்தினார். அப்போது அப்பதிப்புகள் பெரும்பாலும் வழங்கல்களின் சோதனைக் கிளைகளையே எட்டியிருந்தன. சிஸ்டம்டி தன் நிரலகத்தைத் திருத்தி, சுருக்க நிரலகங்களைத் தேவைப்படும்போது மட்டும் ஏற்றுமாறு மாற்றியது. ஓப்பன்எஸ்எஸ்எச் 2024 சூலையில் வெளியிட்ட 9.8 பதிப்பில், எந்த நிரலகத்தையும் சாராமல், தயார்நிலை அறிவிப்பைத் தன் சொந்த நிரல்வரிகளாகவே எழுதிச் சேர்த்தது.